ஹாஃப் கிளட்ச்

அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள் அண்ணாச்சி. அது இப்போதைக்குத் திறக்காது. முதல் நாள் வார் கட்டுவதிலேயே பாதி நேரம் போய்விடும். இடுப்புக்கு ஒன்று, தொடைக்கு ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று, அப்புறம் பாதத்துக்குச் செருப்பு மாதிரி ஒரு தகடு. உங்கள் வீட்டம்மாவுக்கு வாதம் எந்தப் பக்கம்? வலதா. வலது என்றால் பேச்சும் கொஞ்சம் போயிருக்குமே. எனக்கு இடது.

அந்த நாற்காலி ஆடும். இப்படி வந்து உட்காருங்கள்.

உள்ளே "உய்ங்" என்று ஒரு சத்தம் கேட்கிறதா? அது முழங்கால் மோட்டார். அதற்குப் பயப்பட வேண்டாம். ரோபோ ரோபோ என்று வெளியே பெரிதாகச் சொல்கிறார்கள். பார்க்கப்போனால் காலுக்கு வெளியே இன்னொரு கால், அவ்வளவுதான். நம் கால் செய்யாத வேலையை அது செய்கிறது. சத்தம் வந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால் நாம் வேலை செய்கிறோம் என்று அர்த்தம்.

என்னைத் தெரியவில்லையா? ஞானதிரவியம். ஞானம் டிரைவிங் ஸ்கூல். பாளையங்கோட்டையில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் முதலில் என் வண்டியில் பிடித்தவர்கள். எல்லாருக்கும் நான் மாஸ்டர்தான். நீங்கள் யாரிடம் கற்றீர்கள்?

நயினாரிடமா. சரி. பரவாயில்லை.

என் மனைவி சுகிர்தமும் நயினாரிடம்தான் கற்றாள். அந்த வருத்தம்தான் எனக்கு. வீட்டு வாசலில் டிரைவிங் ஸ்கூல் போர்டு தொங்குகிறது. அந்த வீட்டுக்காரி எதிர்ச்சாரியில் இருக்கிறவனிடம் போய்க் கார் ஓட்டக் கற்கிறாள். நீங்கள் யாரிடமாவது சொல்ல முடியுமா? நானும் சொல்வதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் எனக்கு இது வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டீச்சரம்மாவுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஐகிரவுண்டு பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம். திடீரென்று என் இடது கால் பெடலைத் தேடியது. பெடல் அங்கேதான் இருந்தது. கால்தான் அங்கே இல்லை. வண்டியை நான் நிறுத்தினேன். டீச்சரம்மா தான் நிறுத்தியதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், சொல்லட்டும். அங்கிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் அவளே ஓட்டினாள், வழி முழுக்க இரண்டாவது கியரில். "கியர மாத்து, கியர மாத்து" என்று நான் கத்துகிறேன். வாய் கோணிப் போயிருந்ததில் நான் ஜெபம் பண்ணுகிற மாதிரி அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவளும் சேர்ந்து ஆமென் சொன்னாள்.

நேரத்தோடு கொண்டுவந்து சேர்த்ததால்தான் பிழைத்தேன் என்று டாக்டர் சொன்னார். மூன்றாவது கியர் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வண்டியில் இடது சீட்டிலும் இரண்டு பெடல் உண்டு, உங்களுக்குத் தெரியும். ஒன்று பிரேக், ஒன்று கிளட்ச். டபுள் கண்ட்ரோல். கற்கிறவர் தப்புப் பண்ணினால் பக்கத்தில் இருக்கிற மாஸ்டர் அமுக்குவார். வலது கால் பிரேக்குக்கு, இடது கால் கிளட்சுக்கு. எனக்கு வலது கால் கல் மாதிரி இருக்கிறது. போனது இடது. கிளட்ச் கால். கிளட்ச் கால் இல்லாதவன் மாஸ்டர் இல்லை அண்ணாச்சி. பிரயாணி.

பெரிய பரீட்சை முடிந்து லீவு விட்டால்தான் எங்கள் தொழிலில் கூட்டம். காலேஜ் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் இழுத்துக்கொண்டு வருவார்கள். அதற்குள் நான் அந்த இடது சீட்டில் உட்கார்ந்தாக வேண்டும். இல்லையென்றால் எல்லாரும் ரோட்டைத் தாண்டி நயினாரிடம் போய்விடுவார்கள். அப்படி ஒரு தடவை போனால் போனதுதான். டாக்டரிடம் கேட்டேன். "மெஷின் இல்லாம இடது கால் நடக்கட்டும், அப்புறம் பாப்போம்" என்றார். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே வர ஆரம்பித்தேன்.

வருவதற்கு ஆள் வேண்டுமே. ஆட்டோவில் என்னை ஏற்றி இறக்குவதற்குள் இரண்டு பேருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் சுகிர்தம் கார்ச் சாவியை எடுத்து இடுப்பில் செருகினாள்.

"வாங்க, போவோம்."

"யாரு ஓட்டுறா?"

"நான்தான்."

"நீயா? ஒனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"நயினார் அண்ணன்."

நான் படுக்கையில் கிடந்த நாளெல்லாம் காலை ஜெபத்துக்குப் போகிறேன் என்று போனாளே, அது அவன் வண்டிக்கு. பாளையங்கோட்டையிலிருந்து டவுன் வரை அன்றைக்கு நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். அவள் ரோட்டைப் பார்த்து ஓட்டினாள்.

ஏன் என்னிடம் கற்கவில்லை என்றுதானே கேட்க வருகிறீர்கள்? கல்யாணமான புதிதில் ஒரு தடவை அவளை உட்கார்த்தி வைத்தேன். வண்டி நகரவே இல்லை. அவள் என்னென்னவோ செய்து பார்க்கிறாள், நகரவில்லை. அவள் பாதுகாப்புக்காக நான் என் பக்கத்துப் பிரேக்கில் காலை வைத்திருந்தேன். "எனக்கு இது வராது போலுக்கு" என்றாள். நானும் ஆமாம், சிலருக்கு வராது என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். அதோடு விட்டுவிட்டாள்.

இங்கே என்னைப் பார்த்துக்கொள்கிறவள் நஸ்ரின். உள்ளே உங்கள் வீட்டம்மாவுக்கு வார் கட்டுகிறாளே, அவள்தான். மேலப்பாளையத்துப் பிள்ளை. பொறுமைசாலி. ஆனால் பதில் சொல்ல மாட்டாள். நமக்குப் பின்னால் இடுப்பு வாரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வருவாள். இன்னொரு கையில் சிலேட்டு மாதிரி ஒன்று வைத்திருப்பாள். அதில் ஒரு சிவப்பு வட்டம். கட்டை விரல் எந்நேரமும் அந்த வட்டத்தின் மேலேயே நிற்கும். ஏதாவது என்றால் அமுக்கி மெஷினை நிறுத்திவிடுவாள்.

முதல் நாள் அவள் எனக்கு விளக்கினாள். "நீங்க எவ்வளவு செய்யுறீங்களோ அவ்வளவுக்கு இது விட்டுக்குடுக்கும் மாஸ்டர். நீங்க செய்யலைன்னா அது செய்யும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. டபுள் கண்ட்ரோல். நான் ஸ்டியரிங் பக்கம், அவள் இடது சீட்டு.

அண்ணாச்சி, இடது சீட்டில் இருக்கிறவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாதா? முதல் வாரம் வருகிற ஆளுக்குக் கிளட்ச் முழுக்க நான்தான் போடுவேன். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். வீட்டுக்குப் போய், ஜங்ஷன் வரை நானே ஓட்டினேன் என்று தெருவெல்லாம் சொல்வான். சொல்லட்டும். சந்தோஷமாக இருந்தால்தான் மறுநாள் வருவான். "மாஸ்டர், நீங்க கால் வச்சிருக்கீங்களா?" என்று கேட்பார்கள். "ரோட்டப் பாரு" என்பேன். தொழில் அப்படி.

அதனால் நஸ்ரினிடம் நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். "இதுல என் பங்கு எவ்வளவு?"

"நேராப் பாத்து நடங்க மாஸ்டர்" என்பாள்.

கால் நன்றாக நடந்தது. வராண்டா முழுக்கப் போய்த் திரும்பி வந்தேன். சபையில் எல்லாரிடமும் சொன்னேன், நான் நடக்கிறேன் என்று. பாஸ்டர் ஆராதனையில் என் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணினார்.

ஒரு நாள் நஸ்ரின் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, இடது பாதத்துக்கு அடியில் அவள் உள்ளங்கையை வைத்தாள். "அமுக்குங்க" என்றாள். அமுக்கினேன். அவள் கை கீழே போயிற்று. பாருங்கள், மெஷின் இல்லை, ஒன்றும் இல்லை. என் கால் அமுக்குகிறது. எனக்கு அப்படியே கிளட்ச் பெடல் கண்ணில் தெரிந்தது.

"அமுக்கறது வந்திருச்சு மாஸ்டர்" என்றாள். அவள் வாயால் சொன்னது. அதற்குப் பின்னாலும் ஏதோ சொன்னாள். இது பலம் இல்லை, இறுக்கம், அது தானாக வரும், பாதத்தை மேலே தூக்குவதுதான் வர வேண்டும் என்று. "தூக்குங்க, தூக்குங்க" என்று கீழே இருந்து விரலால் தட்டினாள். தூக்கி நான் என்ன செய்யப்போகிறேன்? எனக்கு வேண்டியது அமுக்குவது. அது வந்துவிட்டது.

இப்போது அந்தப் பாலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் வண்டி ஓட்டுகிறவர், நியாயம் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து இங்கே வர ஈரடுக்குப் பாலம் ஏறித்தானே வர வேண்டும். காலை நேரம், பள்ளிக்கூடக் கூட்டம். பாதி ஏற்றத்தில் எல்லாம் நின்றுவிட்டது. மேலே ஏதோ பஸ் மக்கர் பண்ணிவிட்டது போல. எங்களுக்குப் பின்னால், கண்ணாடியில் பார்க்கிறேன், ஒரு பொம்பளை ஸ்கூட்டரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். பின்னால் யூனிபாரம் போட்ட ஒரு சின்னப் பிள்ளை, முதுகில் பை. அந்த ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒரு பஸ்ஸின் மூக்கு. அவள் நகர இடம் இல்லை.

சுகிர்தம் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டாள். என் வண்டியில், என் கண் முன்னால்.

அது நயினார் பழக்கம். ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு வைத்துக்கொண்டு, கிளம்பும்போது எடுக்கச் சொல்லித் தருகிறான். குறுக்கு வழி. நம் ஸ்கூலில் அதெல்லாம் கிடையாது. ஏற்றத்தில் நின்றால் ஹாஃப் கிளட்ச். கிளட்சை அமுக்கினால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். விட்டால் சேரும். பாதி விட்டால் பாதி சேரும். அந்தப் பாதியில் காலை நிறுத்தினால், ஏற்றத்தில் வண்டி முன்னாலும் போகாது, பின்னாலும் வராது, யாரோ பிடித்து வைத்த மாதிரி நிற்கும். முதல் வகுப்பில் நான் சொல்வதே அதுதான். கிளட்சில் அமுக்குவது வேலை இல்லை, விடுவதுதான் வேலை. வாசலில் வண்டியை நிறுத்தி வைத்து, நாள் முழுக்க "விடு, விடு, மெதுவா விடு" என்று கத்திக் கத்தித்தான் என் தொண்டை இப்படி ஆனது.

"அந்தப் பிரேக்க எடு" என்றேன்.

"அண்ணன் இப்படித்தான் சொல்லிக்குடுத்தாக."

"எந்த அண்ணன்? எடு. கிளட்ச நான் பாத்துக்கிடுதேன். நீ ஆக்ஸிலேட்டர மட்டும் குடு."

"ஏங்க, வேண்டாம்."

"எடுன்னு சொல்லுதேன்."

எடுத்தாள். முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. நான் என் பக்கத்துக் கிளட்சில் இடது காலை வைத்து அமுக்கினேன்.

போயிற்று அண்ணாச்சி. என் கால் என் சொல்லைக் கேட்டுக் கீழே போயிற்று. தரை வரைக்கும். அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்ல.

சுகிர்தம் பிரேக்கில் இருந்து காலை எடுத்து ஆக்ஸிலேட்டரில் வைத்தாள். நான் கிளட்சை விட வேண்டும். கொஞ்சம் விட வேண்டும். விடு என்றேன் காலிடம்.

கால் விடவில்லை.

வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது.

"ஏங்க, பெடலு மேல வரமாட்டேங்கு" என்றாள். இரண்டு கிளட்சும் ஒரே கேபிள் அல்லவா. நான் அமுக்கினால் அவள் பக்கத்துப் பெடலும் தரையோடு கிடக்கும்.

"ஆக்ஸிலேட்டரக் குடு."

கொடுத்தாள். இன்ஜின் அலறியது. வண்டி பின்னால் போகிறது.

"இன்னும் குடு."

கொடுத்தாள். நான் கத்தக் கத்த அந்தக் கால் இரும்புக் கம்பி மாதிரி நீளுகிறது. அது நீண்ட நீட்டலில் என்னையே சீட்டிலிருந்து மேலே தள்ளிவிட்டது. வலது கால் பிரேக்கை விட்டு நழுவிவிட்டது. நான் தேடுகிறேன், எட்டவில்லை. கண்ணாடியில் அந்தப் பிள்ளையின் முகம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. தாய்க்காரி ஹார்னை அமுக்கினவள், ஹார்னை விட்டுவிட்டுக் கையை ஆட்டுகிறாள். பிள்ளை இறங்கப் பார்க்கிறது. முதுகுப் பை எதிலோ மாட்டிக்கொண்டது. இறங்க முடியவில்லை.

கர்ரென்று ஒரு சத்தம். ஹேண்ட் பிரேக்.

வண்டி நின்றது. ஸ்கூட்டரின் முன்சக்கரம் நம் பம்பரைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்டுக்கொண்டுதான் இருந்தது, இடிக்கவில்லை.

சுகிர்தம் இன்ஜினை அணைத்தாள். ஊரே ஹார்ன் அடிக்கிறது. அவள் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, என் பக்கம் குனிந்தாள். அவள் தலை என் மடியில் இடித்தது. பாதத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது, முழங்காலுக்குப் பின்னால் கை கொடுத்து மடக்கினால் பாதம் தானாக வரும் என்று நஸ்ரின் அவளுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். அப்படியே மடக்கினாள். கால் வந்தது. அதை எடுத்து, குழந்தை காலை எடுத்து வைக்கிற மாதிரி, சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

"இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

பிறகு இன்ஜினைப் போட்டு, அவள் பக்கத்துக் கிளட்சை விட்டு, முகப்பு லேசாக நடுங்கியதும் ஹேண்ட் பிரேக்கை எடுத்தாள். ஒரு விரல் அகலம்கூடப் பின்னால் வராமல் ஏறினாள். எப்படியோ ஏறிவிட்டது.

நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். அவள் ஆக்ஸிலேட்டர் கொடுத்தது போதாது. இன்னும் கொஞ்சம் கொடுத்திருந்தால் வண்டி போயிருக்கும். நீங்களே சொல்லுங்கள்.

ஏன் மறுபடியும் கதவைப் பார்க்கிறீர்கள்?

சரி, நயினாரிடம் கற்றவர். விடுங்கள்.

மறுநாள் காரில் ஏறி உட்கார்ந்தேன். காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. இரண்டு பெடலும் இல்லை. பெடல் இருந்த இடத்தில் புது ரப்பர் மேட் விரித்திருந்தது.

"பெடல் எங்க?"

"வெல்டிங் விட்டுப் போயிருந்துச்சு. குடுத்திருக்கேன்."

"ரெண்டுமா விட்டுப்போச்சு?"

"ம்."

எனக்கு வந்த கோபத்துக்கு நஸ்ரினிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். இப்படி இப்படி, நான் சரியாக அமுக்கினேன், இவள் ஆக்ஸிலேட்டர் கொடுக்கவில்லை என்று. அவள் சிரிக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. மெஷினைக் கட்டிவிட்டாள். நடக்கச் சொன்னாள். பாதி வராண்டாவில் நிறுத்தி, அந்தச் சிலேட்டை முதல் தடவையாக என் பக்கம் திருப்பினாள்.

"கேட்டுக்கிட்டே இருந்தீங்கள்ல மாஸ்டர். பாருங்க. பச்சை நீங்க. நீலம் மெஷின்."

அமுக்குவதற்கு ஒரு கோடு. பச்சை நிரம்பி வழிந்தது. தூக்குவதற்கு ஒரு கோடு. நீலம். அடியிலிருந்து நுனி வரை நீலம்.

"அப்ப இவ்வளவு நாளும் நடந்தது யாரு?"

"நீங்களும் மெஷினும்தான்."

"தூக்கினது யாரு?"

அவள் சிலேட்டைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணாச்சி, ஒரு மனுஷனை இப்படி ஏமாற்றலாமா? நான் நடக்கிறேன் என்று சபை முழுக்கச் சொல்லியிருக்கிறேன். பாஸ்டர் ஸ்தோத்திரம் பண்ணியிருக்கிறார். நடந்தது மோட்டார். கேட்டபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? நம்பி வருகிறவனிடம் உண்மையைச் சொல்ல வேண்டாமா? எனக்கு அது பொறுக்கவே இல்லை. வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். இனிமேல் போக மாட்டேன் என்றேன். போர்டைக் கழற்று, ஸ்கூலை மூடு என்றேன். சுகிர்தம் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள், எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளும் அப்படியே. கால் மறுபடியும் விறைக்க ஆரம்பித்தது. படுக்கையிலேயே விறைத்தது. எனக்கு உள்ளுக்குள் பயம். ஆனால் சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது?

அதற்கு அடுத்த நாள் அவள் என்னைக் கூப்பிடவே இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்து ஹார்ன் அடித்தாள். நிறுத்தாமல் அடித்தாள். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. நயினார் தன் ஸ்கூல் வாசலுக்கு வந்து பார்க்கிறான். ஹார்னை இப்படி அமுக்கக் கூடாது என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதை நிறுத்துவதற்காகத்தான் தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்குப் போனேன். போனதும் நிறுத்திவிட்டாள். கதவு திறந்து கிடந்தது. ஏறிவிட்டேன். வேறென்ன செய்ய.

அன்றைக்கு உள்ளே அந்த அறையில் நடந்ததுதான் முக்கியம். நஸ்ரின் மெஷினைக் கட்டி, பழையபடி ஆரம்பித்தாள். "தூக்குங்க மாஸ்டர். தூக்குங்க." நான் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குகிறேன். தூக்கத் தூக்க இடது கை முஷ்டி தானாக இறுகுகிறது, முழங்கால் இறுகுகிறது, பாதம் தரையைத்தான் குத்துகிறது. மோட்டார் உய்ங் உய்ங் என்று இழுக்கிறது. நீலம், நீலம், நீலம். இன்னும் முன்னேற்றம் தெரியவில்லை என்றால் மெஷின் நேரத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று டாக்டர் சுகிர்தத்திடம் சொல்லியிருந்தாராம். எனக்கு அது பிறகுதான் தெரியும். அவளுக்கு அப்போதே தெரியும். மூலையில் நாற்காலியில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இங்கே வந்தால் வாயே திறக்க மாட்டாள். அன்றைக்குத் திறந்தாள்.

"ஏங்க. தூக்க வேண்டாம். விடுங்க."

"எத விட?"

"கிளட்ச. வாசல்ல பிள்ளைகளுக்குச் சொல்லுவீங்கள்லா. அது மாதிரி." எழுந்து பக்கத்தில் வந்தாள். "விடு. விடு. மெதுவா விடு."

என் குரலிலேயே சொன்னாள் அண்ணாச்சி. நான் இழுக்கிற மாதிரியே "மெதுவா" என்பதை இழுத்து. அத்தனை வருஷமும் அடுப்படி ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறாள்.

எனக்குக் கால் எங்கே என்று தெரியவில்லை. ஆனால் கிளட்ச் எங்கே என்று தெரிந்தது. பாதத்துக்கு அடியில், அந்தப் பழைய பெடல், அதன் ஸ்பிரிங் என்னை மேலே தள்ளுகிறது, நான் அதற்குக் கொஞ்சம் இடம் விடுகிறேன். அவ்வளவுதான். வேறு ஒன்றும் செய்யவில்லை.

மோட்டார் சத்தம் மெலிந்தது. ஒரு எட்டு, ஒரே ஒரு எட்டு, சத்தமே இல்லை.

நஸ்ரின் கேட்காமலேயே சிலேட்டைத் திருப்பினாள். நீலக் கோட்டின் அடியில், படிக்கல்லில் பாசி பிடித்த மாதிரி, கொஞ்சூண்டு பச்சை. அவள் கட்டை விரல் சிவப்பு வட்டத்தில் இல்லை. அந்தப் பச்சையின் மேல் இருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. வியர்வை கண்ணில் போய்விட்டது. சுகிர்தம் முந்தானையால் துடைத்தாள்.

அந்த முறையைக் கண்டுபிடித்தது நான்தான். என் தொழில் வார்த்தை அது. இப்போது நஸ்ரின் எல்லாருக்கும் அதைத்தான் சொல்கிறாள். கார் ஓட்டாதவர்களுக்குக்கூடச் சொல்கிறாள். என் பெயரைச் சொல்வதில்லை, போகட்டும்.

அதன் பிறகு காரில் வரும்போதும் போகும்போதும் இதே வேலைதான். பாலத்து ஏற்றத்தில் அவள் கிளட்சை விடும்போது, இந்தப் பக்கம் வெறும் மேட்டின் மேல் நானும் விடுவேன். பெடல் இல்லாததால் அமுக்குவதற்கு ஒன்றும் இல்லை. விடுவது மட்டும்தான். அவளுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று செய்கிறேன்.

இன்றைக்கு டாக்டர் மெஷின் இல்லாமல் வராண்டா முழுக்க என்னை நடக்கவிட்டுப் பார்த்தார். நடந்தேன். அந்த முனைக்குப் போய்த் திரும்பி வந்தேன். யார் கையும் இல்லை. இந்தத் தடியும் இல்லை. தட்டிக் கொடுத்தார். "சரி டாக்டர், இடது சீட்டு?" என்று கேட்டேன். அவர் சுகிர்தத்தைப் பார்த்தார். சுகிர்தம் ஜன்னலைப் பார்த்தாள். "வண்டிய எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லி வெளியே போனாள். அதற்குத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

லீவு விட்டாயிற்று அண்ணாச்சி. பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். பெடல் வெல்டிங்குக்குப் போயிருக்கிறது, வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்கிறேன். தலையை ஆட்டிவிட்டு ரோட்டைத் தாண்டுகிறார்கள். இரண்டு பெடல் பற்றவைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு டீ குடிக்கிற நேரம். இது மழைக்காலத்தில் போனது.

கேட்கிறதா? உள்ளே. நஸ்ரின் குரல்தான். "விடுங்கம்மா. மெதுவா விடுங்க." நான் சொன்னேனே. உங்கள் வீட்டம்மா எழுந்து நின்றுவிட்டார்கள் என்று அர்த்தம். நீங்கள் உள்ளே போனால் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டுவிடாதீர்கள்.

இதோ, ஹார்ன். என் வண்டிதான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? முன்பெல்லாம் ஓடி வந்து கதவைத் திறந்து, என் காலைத் தூக்கி உள்ளே வைப்பாள். இப்போது ஸ்டியரிங்கை விட்டு இறங்குவதே இல்லை. நானே போய், நானே கதவைத் திறந்து, நானே காலை உள்ளே எடுத்து வைக்க வேண்டும். அவ்வளவு கர்வம் வந்துவிட்டது. நயினார் வளர்ப்பு.

எந்த வெல்டிங் கடை என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

வரட்டுமா. வாசலில் ஒரு படி இருக்கிறது, அதுதான் கொஞ்சம். அட, நீங்கள் எதற்கு எழுந்திருக்கிறீர்கள்? முழங்கையைப் பிடிக்காதீர்கள் அண்ணாச்சி. நானே இறங்கிவிடுவேன். விடுங்கள்.

சட்டென்று இல்லை. மெதுவாக விடுங்கள்.